நங்கையா வாயில் வேறொருத்தி குரல்

சினிமா என்றால் எனக்கு உயிர். அதற்காகக் கண்டதையும் மெச்சுகிறவள் அல்ல. மரவள்ளிக் காட்டில் களை வெட்டுகிறவளுக்கு நகப்பூச்சு போட்டு நடிக்கவிட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம் போலிருக்கும். எங்கள் பக்கத்து ஆளைக் காட்டுகிறேன் என்று மூச்சுக்கு மூச்சு 'ஏனுங், என்னங்' என்று இழுக்கவிட்டுச் சிரிப்புக் காட்டுவார்கள். பற்றிக்கொண்டு வரும். நாங்கள் அழுதாலும் 'ங்க' போட்டுத்தான் அழுவோம் என்பது இவர்களுக்கு என்றைக்குத் தெரியப்போகிறது? நல்ல நாவலை எடுத்து, பேரை மட்டும் வைத்துக்கொண்டு குடலை உருவிப் போடுகிறவர்களைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால், என் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணி காட்ட எழுந்து போய்விடுவார்.

இவ்வளவு வாய் பேசுகிற நான் திருச்செங்கோட்டுத் தியேட்டரில் ஒருநாள் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் மண்ணைப் பற்றிய நாவல் ஒன்றைப் படமாக்க மல்லசமுத்திரம் பக்கம் வந்தார்கள். நான் திரும்பத் திரும்பப் படித்த புத்தகம். என்ன பாடு படுத்தப்போகிறார்களோ என்று கவலையாக இருந்தது. வந்ததும் வராததுமாக அவர்களுடைய ஜெனரேட்டர் வண்டி என் அண்ணன் காட்டுக் கடலைச்செடிமேல் ஏறி நின்றது. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்போம். சண்டைக்குப் போனது அண்ணன் இல்லை, நங்கையாதான்.

"ஏனுங் சாமி, செடி கண்ணுக்குத் தெரியலீங்களா? வண்டிய எடுத்துப்போடுங்க. இல்லீன்னா நான் குறுக்க படுத்துக்குவேனுங்க."

மிரட்டினாலும் மரியாதையாகத்தான் மிரட்டுவார். சத்தம் கேட்டு டைரக்டரே ஓடி வந்தார். வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டு, "அம்மா, இதே பேச்சுல ஒரு வசனம் சொல்வீங்களா?" என்று கேட்டார்.

அந்த நாவலில் ஓர் இடம் உண்டு. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் போட்டு அடிக்கிறார்கள். தாய்க்காரி சம்பந்தி வீட்டு வாசலில் போய் நின்று மகளைக் கேட்பாள். அரைப் பக்கம்தான். அழாமல் நான் அதைப் படித்ததே கிடையாது. அந்தத் தாயாக நங்கையாவை நிற்க வைத்தார்கள். நான் லைட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

"எம்புள்ளைய எங்கூட அனுப்பிப்போடுங்க சாமி. பழசோ புதுசோ, நான் குடுக்கறதத் தின்னுட்டு உசுரோட இருக்கட்டும்."

கத்தவில்லை, அழவில்லை. பக்கத்து வீட்டில் காப்பித்தூள் கைமாத்துக் கேட்கிற குரலில் கேட்டார். பட்டம், பரிசு வாங்கின எத்தனையோ பேர் நடிப்பைப் பார்த்திருக்கிறேன், ஒருத்தரும் அந்தக் குரலுக்குப் பக்கத்தில் வரமாட்டார்கள். டைரக்டரும், "உங்க பேச்சுக்காகத்தாம்மா உங்களைப் போட்டோம்" என்று கையைப் பிடித்துச் சொன்னார்.

நங்கையா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். அவருக்கு ஒரே மகள், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பக்கத்தில் தோழிகள் இருந்தால் அம்மாவின் போனை எடுக்கமாட்டாள். ஹாஸ்டலுக்குப் பார்க்கப் போனபோது, "யாராவது ஏதாச்சும் கேட்டாச் சிரிச்சுட்டு மட்டும் இரும்மா, பேசாத" என்றாளாம். அதைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொல்லியிருந்தார். படப்பிடிப்பு முடிந்த அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"படம் வந்தா அவ வந்து கேக்கோணும் கண்ணு. எம்பேச்சுதான் வேணும்னு பெரிய ஆளுகளே கேட்டு வாங்குனாங்கன்னு அவ காதால கேக்கோணும்."

மகளும் லீவு போட்டு வந்தாள். வெண்ணந்தூர்ச் சொந்தமெல்லாம் வேன் பிடித்து வந்து, தியேட்டரில் ஒரு வரிசை முழுக்க நாங்கள்தான். திரையில் நங்கையா வந்து வாசலில் நின்றதும் விசில் பறந்தது. பெரியப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

நங்கையா வாயைத் திறந்தார். வேறு யாரோ பேசினாள்.

எந்த ஊர்ப் படமானாலும் கிராமத்து அம்மாவுக்கென்று ஒரு குரல் வைத்திருக்கிறார்களே, அதேதான். மூச்சு வாங்கி, விம்மி, "எம் மகள என்னோட அனுப்பி வைங்கய்யா" என்று கடைசியில் ஓர் இழுப்பு. நம் வீட்டு ஆள் நம் கண் முன்னால் அடுத்தவள் குரலில் பேசினால் எப்படி இருக்கும்? பேய் பிடித்த வீட்டுக்குள் போனது போல இருந்தது.

"இது யாரு பேசறது? நம்ம புள்ள பேசலியே?" என்று பெரியப்பா உரக்கக் கேட்டார். நான் நங்கையாவைத் திரும்பிப் பார்த்தேன். இருட்டில் அவர் உதடு சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. தன் வசனத்தைத் தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் நான் தாம்தூம் என்று குதித்தேன். "நடிச்ச ஆளுகிட்ட ஒரு வார்த்தை கேக்கவேண்டாமா? அந்த டைரக்டர் நம்பர எடுங்க, நாக்கப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேக்கறேன்" என்றேன்.

"விடுங்கத்தே" என்றாள் மகள். "டப்பிங் வெச்சதே நல்லதாப் போச்சு. எங்க ஆபீஸ்ல எல்லாரும் பாக்கறேன்னு சொல்லியிருக்காங்க. அம்மா எப்படிப் பேசிருக்குமோன்னு நான் பயந்துட்டே இருந்தேன்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அம்மா தோளில் கை போட்டுக்கொண்டுதான் சொன்னாள். அடிப்பாவி என்றிருந்தது எனக்கு. சினிமாக்காரன் செய்ததுகூட இப்படி அடிக்கவில்லை. ஓங்கி ஒன்று விடலாமா என்று கை துறுதுறுத்தது. நான் வாயெடுப்பதற்குள் நங்கையா முந்திக்கொண்டார்.

"எனக்கும் அதே பயந்தான் சாமி. நல்லதாப் போச்சு உடு."

நடிப்பில் குற்றம் கண்டுபிடித்தே வயதைக் கழித்தவள் நான். அவர் முகத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தும் ஓர் இடத்தில்கூடப் பொய் தெரியவில்லை.

அதற்குள் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் எங்களைத் தேடிக்கொண்டு வந்தாள். முன்பின் தெரியாதவள், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அந்த அம்மா நீங்கதானுங்களே? அழுக வந்துருச்சுங்க. அந்த வசனத்த ஒருக்காச் சொல்லுங்களேன், செல்லுல புடிச்சுக்கறேன்."

நங்கையா மகளைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம் மெதுவாகச் சொன்னார். "பேசுனது நானில்லீங்க."

அவளுக்குப் புரியவில்லை. "உங்க மூஞ்சிதானுங்களே?"

"மூஞ்சி என்னுதுதானுங்க" என்றார் நங்கையா.