ஓர் ஓட்டைகூட விழாமல்

என் அப்பாவுக்கு இரண்டு பெண்கள். ஒருத்தி நான். இன்னொருத்திக்கு நாலு சக்கரம், இரண்டே இருக்கை, மேற்கூரை கிடையாது, என்னைவிட மூத்தவள். பேளுக்குறிச்சி வீட்டில் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு இருக்கும் மரியாதை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. தூறல் விழுந்தால் அப்பா முதலில் ஓடுவது அதற்குப் படுதா போர்த்தத்தான். கொடியில் காயும் என் துணியெல்லாம் அப்புறம்.

கால்நடை மருத்துவராகக் கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்த பிறகு, பழைய கார்களுக்கென்றே நடக்கும் பந்தயத்தில் அதை ஓட்டிப் பார்க்கும் ஆசை எனக்கு வந்தது. தினமும் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஒதுங்கியே ஓட்டுகிறவளுக்கு, எதிரே யாரும் வராத ஒரு ரோடு வேண்டும் என்று தோன்றாதா? அப்பா சில நாள் போனை எடுக்கவில்லை. பிறகு ஒருவழியாக இறங்கி வந்தார்.

“என்ன வேணும்னாலும் கழட்டு, மாட்டு கண்ணு. ஆனா எங்கயும் ஒரு ஓட்ட விழக்கூடாது. நான் எப்பக் கேட்டாலும் பழையபடி இருக்கோணும். இல்லீன்னா அதோட பந்தயத்த மறந்துரு.”

மலைமேல் அரியூர் நாட்டில் நான் குடியிருக்கும் வீட்டை ஒட்டிய கொட்டகையில் வேலை ஆரம்பமானது. முன் பம்பர், தரை விரிப்பு, பக்கத்து இருக்கை எல்லாவற்றையும் கழற்றினேன். ஓட்டுபவர் இருக்கை இருந்த அதே துளைகளில் பந்தய இருக்கை உட்கார்ந்தது. மரப்பிடி போட்ட பெரிய ஸ்டீயரிங்கை எடுத்துவிட்டுச் சின்னதாக ஒன்று. ஸ்பிரிங், பிரேக் கட்டை எல்லாம் புதிது. கார் கவிழ்ந்தால் தலை நசுங்காமல் காக்கத் தலைக்குப் பின்னால் ஒரு வளைந்த கம்பி வேண்டும். காரின் தரையைத் துளைத்து அடியில் தகடு வைத்து முறுக்குவதுதான் முறை. நானோ இருந்த துளைகளிலேயே கவ்வி போட்டு நிறுத்தினேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

என் வீடு ஒழுகும். அதனால் கழற்றிய சாமான்களையெல்லாம் வீட்டுக்கார அக்கா தன் வீட்டுப் பரணில் மிளகு மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஏற்றி வைத்தார். மரவள்ளியும் மிளகும் போட்டிருப்பவர், சாமான்களை எலி அண்டாமல் பார்த்துக்கொண்டார். அப்பா தினமும் போன் செய்வார். பம்பரில் கீறல் விழுந்ததா? போல்ட்டுக்கு எண்ணெய் தடவினாயா? என்னைப் பெண் பார்க்க வந்தவர்களைப் பற்றிக்கூட அவர் இவ்வளவு விசாரித்ததில்லை.

பந்தயத்துக்கு முன் காரைப் பரிசோதித்தவர் கம்பியை ஆட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “இந்த ஒரு தடவை விடுறேன் மேடம். அடுத்த தடவை தரையோட முறுக்கிட்டு வாங்க, இல்லன்னா வராதீங்க.” ஓட்டினேன். கடைசிக்கு முந்தின இடம். அந்தச் சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியாது. இறங்கிய பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. திரும்பி வந்து அக்காவிடம் எல்லாம் சொன்னேன், பரிசோதித்தவர் சொன்னதையும். அப்பாவிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரைப் பார்க்க அப்பா மலைக்கு வருவதாகச் சொன்னார். பழையபடி மாட்டி வைப்போம் என்று பரணில் ஏறினேன். பம்பர் இருந்தது, இருக்கை இருந்தது, ஸ்டீயரிங்கைக் காணோம்.

“அது மாரியம்மனுக்குங்க” என்றார் அக்கா, வெகு சாதாரணமாக. “வண்டியில போன புள்ள நல்லபடியா வந்தா வண்டிச் சாமான் ஒண்ணச் சாத்தறேன்னு வேண்டியிருந்தேன். அது சும்மாதானுங்க கெடந்துச்சு.”

கோயிலுக்கு ஓடினேன். மணிகளுக்கு நடுவே, சந்தனமும் குங்குமமும் அப்பி, அப்பாவின் ஸ்டீயரிங் தொங்கியது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இறக்கித் தரக் கேட்டதும் பூசாரி சிரித்தார், அவ்வளவுதான். சாத்தியதை இறக்குகிற வழக்கம் இந்த மலையில் இல்லை.

ஞாயிறன்று வந்த அப்பா காரை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். சின்ன ஸ்டீயரிங்கில் கண் நின்றது. மறைத்துப் பயனில்லை. கோயிலுக்கே அழைத்துப் போனேன். அக்காவும் கூட வந்தார்.

“ஏனுங்கம்மா, என் வண்டிக்கா வேண்டிக்கிட்டீங்க?” அப்பாவின் குரலில் சூடு.

“வண்டி எனக்கெதுக்குங்க? டாக்டரம்மா முழுசா ஊடு வந்து சேரோணும்னு வேண்டுனேனுங்க. கவுந்தா தாங்கற கம்பி பத்தாதாமா. அடியில ஓட்ட போட்டாத்தான் நிக்குமாமா. நீங்க வேண்டான்னுட்டீங்களாமா.”

அப்பா என் பக்கம் திரும்பினார். “பத்தாதா? எங்கிட்ட ஏன் சொல்லல?”

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். அம்மன் முன்னாலேயே கத்திவிட்டேன். “தினமும் போல்ட்டக் கேட்டீங்க, பம்பரக் கேட்டீங்க. ஓட்டறதுக்குப் பயமா இருக்குதான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?”

பூசாரி விபூதித் தட்டோடு அப்படியே நின்றார். சொன்ன மாத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது. அப்பா ஸ்டீயரிங் தொங்கிய இடத்தைப் பார்த்துக் கும்பிட்டு, விபூதி வாங்கிப் பூசிக்கொண்டு, எனக்கும் பூசிவிட்டார். அதை இறக்கித் தரச் சொல்லி அவர் கேட்கவே இல்லை.

கொட்டகைக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கவ்விகளைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கம்பி அசைந்தது. பிறகு காருக்கு அடியில் படுத்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

“அப்பா?”

“துளைக்கிற மெஷினக் குடு கண்ணு” என்றது அடியிலிருந்து குரல்.

“வேண்டாம்ப்பா. ஓட்ட விழுந்தா விழுந்ததுதான்.”

“தெரியும், குடு.”

முதல் ஓட்டையை அவரே போட்டார்.