ஈப்போவிலிருந்து வந்த வீட்டுக்காரர்

எனக்கு மலேசிய மாப்பிள்ளை என்று முடிவானபோது, நான் எப்போது விமானம் ஏறுவேன் என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். அவர் ஈப்போவில் ஏசி மெக்கானிக். என் தோழியின் கணவருக்கு அண்ணன். முதல் மனைவி இறந்து பல வருஷமாகத் தனியாக இருந்தவர். எனக்கு அதுதான் முதல் கல்யாணம். இருவருக்கும் நாற்பது தாண்டியிருந்தது.

திருச்சி மன்னார்புரத்தில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் ஸ்கூலை நானே தொடங்கி நடத்திவந்தேன். அதை விட்டுவிட்டுப் போகிற எண்ணம் எனக்கு இல்லை. போனில் நேராகவே கேட்டேன்.

"நீங்க இங்க வந்துட முடியுமா?"

"வந்துடலாம். வேலை கிடைக்குமா?" என்றார்.

"திருச்சி வெயில்ல ஏசி மெக்கானிக்குக்கு வேலை கிடைக்காம போகுமா?" என்றேன்.

வேலை கிடைத்திருக்கும். விசாதான் விடவில்லை. கல்யாணத்தைப் பதிவு செய்து ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிபோன பிறகுதான் முழு விவரமும் புரிந்தது. மனைவி இந்தியர் என்பதால் அவர் இங்கே தங்கலாம், சம்பாதிக்கக் கூடாது. நிரந்தரமாக இருக்கவும் வேலை பார்க்கவும் அனுமதிக்கும் அட்டைக்கு விண்ணப்பிப்பதற்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆக வேண்டும். அவருடைய கொள்ளுத்தாத்தா இந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர் என்று வீட்டில் சொல்வார்களாம். எந்த ஊர் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. ஆக, என் புருஷன் என்பது ஒன்றுதான் அவருக்கு இங்கே பாத்தியதை.

அந்த இரண்டு வருஷமும் அவர் சமைத்தார். என்னை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். பக்கத்து வீட்டு ஏசி கடகடவென்று சத்தம் போட்டால் இவருக்குக் கை பரபரக்கும். மண்ணச்சநல்லூரில் ஒரு கல்யாணப் பந்தியில் என் சித்தப்பா, "மாப்பிள்ளை என்ன பண்றாரு?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவரே, "வீட்டுல சமைக்கிறேங்க" என்றார். சித்தப்பா சட்டென்று இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். எனக்கு இவர்மேல் அன்று வந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டு வருஷம் முடிந்ததும் விண்ணப்பித்தோம். சில வாரங்களில் எங்கள் கல்யாணம் நிஜம்தானா என்று விசாரிக்க ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். முதலில் கீழ்வீட்டு மாமியைத்தான் கேட்டார். மாமி எங்கள் வீட்டுச் சொந்தக்காரர். மாடிப்படிவரை குரல் கேட்டது.

"மலேசியாவெல்லாம் ஒரு வெளிநாடா? இங்கேர்ந்து தெனம் ப்ளேன் போறதே!"

மேலே வந்த சப்-இன்ஸ்பெக்டரை என் கணவர் வாசலிலேயே, "பசியாறிட்டீங்களா மேடம்?" என்று வரவேற்றார். மலேசியத் தமிழில் அது காலைச் சாப்பாட்டைக் கேட்பது. அந்த அம்மா புரியாமல் என்னைப் பார்த்தார். "டிபன் ஆச்சான்னு கேக்குறாருங்க" என்றேன்.

என் கணவரைப் பால்கனிக்கு அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டார். "எல்லாரும் இங்கேருந்துதான் அங்க போறாங்க. நீங்களும் போயிருக்கலாமே?"

"போயிருந்தா நான் வேலையில்லாம உக்காந்திருப்பேங்க. இங்க வந்ததால அவர் உக்காந்தாரு. ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் உக்காரணும். அவர் சரின்னாரு."

"கடைசியா எதுக்கு சண்டை போட்டீங்க?"

"குழம்புல தேங்காய்ப்பால் ஊத்துறதுக்குங்க. எதுல பார்த்தாலும் ஊத்திடுறாரு."

அவரைக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டார். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். எனக்கு லேசாகப் பதறியது.

"தேங்காய்ப்பால் சண்டையா மேடம், அதுக்கப்புறம் போட்டதா?"

"அதுக்கப்புறம் வேற ஒண்ணா?"

"இன்னைக்கு காலையில. போலீஸ் வராங்க, நல்ல சட்டை போடுங்கன்னு இவங்க சொன்னாங்க. இதுவே நல்ல சட்டைதானேன்னு நான் மாத்தல."

அது எனக்கு மறந்தே போயிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் அவருடைய சாயம்போன சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். கிளம்பும்போது, "நேர்காணலுக்கு சென்னைக்கு கூப்பிடுவாங்க. அங்க நல்ல சட்டை போட்டுட்டுப் போங்க சார்" என்றார்.

சென்னைக்குப் போட்டுக்கொண்டுதான் வந்தார். மாதங்கள் சில ஆனாலும் அட்டை வந்து சேர்ந்தது. மறுவாரமே தில்லைநகரில் ஒரு சர்வீஸ் கடையில் சேர்ந்துவிட்டார்.

அவர் வேலைக்குப் போன முதல் நாள், மன்னார்புரம் சிக்னலில் ஒரு பேங்க் மேனேஜரம்மாவுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு முன்னால் ஸ்கூட்டரில் ஒருவர், தோளில் கனமான டூல்ஸ் பையோடு, பச்சை விளக்குக்காகக் காத்திருந்தார். என்னை அவர் கவனிக்கவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். வீட்டில் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"யாருங்க அது, அப்படிப் பார்க்குறீங்க?" என்றார் மேனேஜரம்மா.

"என் வீட்டுக்காரர். வேலைக்குப் போறாரு" என்றேன்.