பலகை வரை போகும் கார்

மாமாவுக்கு அந்தக் கார் முழுதாகக் கிடைக்கவில்லை. ஒரு வைக்கோல் கொட்டிலுக்குள் பெட்டி பெட்டியாகக் கிடைத்தது.

ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டுக்குத் தெற்கே, மலையடிக் கிராமம் ஒன்றில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அம்மாவின் தம்பியான மாமாவும் எங்களோடுதான் இருந்தார். வீட்டுக்கார அம்மாவின் மகன் எப்போதோ ஆசைப்பட்டு வாங்கி, பாதியில் கைவிட்டுப்போன கிட் கார் அது. அப்படிப்பட்ட கார் கூடு வேறு, அடிச்சட்டம் வேறு, சில்லு வேறாக வரும். பழைய காரொன்றின் இயந்திரத்தைக் கழற்றி அதற்குள் வைத்து, வாங்கியவரே பொருத்திப் பூட்டிக்கொள்ள வேண்டும். கொட்டிலைக் காலியாக்கித் தந்தால் போதும், காரை எடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கார அம்மா சொன்னார். மாமா வைக்கோலையும் பழைய சாமான்களையும் அகற்றினார். கார் மட்டும் அங்கேயே இருந்தது. பூட்டி முடிக்காத காரை எப்படி வெளியே எடுப்பது?

எனக்கு அப்போது பத்து வயது. முழுக் கார்கள் தெருவெல்லாம் ஓடும் நாட்டில் ஒருவர் ஏன் துண்டுக் காரோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கும் விளங்கவில்லை.

"எங்கை போறதுக்கு உனக்கு இப்ப கார்?" என்று ஒருநாள் கேட்டார்.

மாமா பெட்டிக்குள் தலையை விட்டு எதையோ தேடினார். கேட்டிருக்கக் கூடாததைக் கேட்டுவிட்டவர்போல அம்மாவும் உடனே தேத்தண்ணி போடப் போய்விட்டார்.

கிட் கார் வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. சனிக்கிழமை பிற்பகலில் தொலைபேசியில் அழைத்தால் ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் சந்தேகங்களைத் தீர்த்துவைப்பார். நான் அவருக்குச் சனிக்கிழமைக்காரர் என்று பெயர் வைத்திருந்தேன். மாமாவுக்கு இயந்திரம் தெரியும், ஜெர்மன் தெரியாது. எனக்கு ஜெர்மன் தெரியும், இயந்திரம் தெரியாது. எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் வரும் என்று வீட்டில் கணக்குப் போட்டார்கள்.

கணக்கு முதல் நாளே பிழைத்தது. "கொடையாளி யார்?" என்று சனிக்கிழமைக்காரர் கேட்டார்.

"மாமா, ஆர் தானம் தந்ததெண்டு கேக்கிறார்."

"வீட்டுக்கார அம்மா எண்டு சொல்லு."

சொன்னேன். அவர், தான் மனிதர்களைக் கேட்கவில்லை என்றும், இயந்திரத்தைத் தந்த பழைய கார் எது என்றே கேட்டதாகவும் பொறுமையாக விளக்கினார். காருக்கும் கார் தானம் செய்யும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன்.

அப்படியே குளிர்காலம் முழுவதும் கேட்டோம். பிறேக் குழாய்க்குள் நிற்கும் காற்றை எப்படி வெளியேற்றுவது, சில்லு நட்டுகளை முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஏன் மறுபடி இறுக்க வேண்டும், கூட்டின் விளிம்புகளை எவ்வளவு மழுக்கினால் வாகனப் பரிசோதகர் ஏற்றுக்கொள்வார் என்றெல்லாம். நான் பாதி விளங்கிச் சொன்னதை மாமா பாதி ஊகித்துப் பூட்டினார். கார் மெல்லக் காராகியது.

விளக்குகளில்தான் எல்லாம் குழம்பியது. மாமா பிறேக்கை மிதித்தால் சிக்னல் விளக்கு மினுங்கியது. சிக்னலைப் போட்டால் நான்கு மூலையிலும் மங்கலாக ஒளி வந்தது. சனிக்கிழமைக்காரர் கேட்டதும் சிரித்தார்.

"மாஸ இல்லை. கூடு பிளாஸ்டிக், அதனால்தான். ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாக மாஸ போட வேண்டும்."

‘மாஸ’ என்ற சொல் எனக்குத் தெரியும். அதைத்தான் அப்போது பள்ளியில் தராசும் எடைக்கல்லும் வைத்துப் படித்துக்கொண்டிருந்தோம். எடை, பாரம். நான் துணிச்சலாக மொழிபெயர்த்தேன்.

"காருக்குப் பாரம் காணாதாம் மாமா. பிளாஸ்டிக் எண்டபடியால் ஒவ்வொரு லைற்றுக்கும் பாரம் வைக்கட்டாம்."

"லைற்றுக்குப் பாரமோ?" மாமா என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "வடிவாக் கேட்டனியோ?"

"ஓம். அப்பிடித்தான் சொன்னவர்."

ஜெர்மன்காரர் ஒன்றும் சும்மா சொல்லமாட்டார் என்று அப்பா தீர்ப்பளித்தார். பின்பக்க விளக்குகளுக்கு நடுவே பாஸ்மதி அரிசி மூட்டை ஏறியது. முன்விளக்குகளுக்கு அருகே செங்கற்கள் வைக்கப்பட்டன. மாமா பிறேக்கை மிதித்தார். சிக்னல் மினுங்கியது. இன்னும் காணாதோ என்று அப்பாவும் ஏறி இருந்தார். அப்போதும் மினுங்கியது.

"உங்கள் எல்லாருக்கும் விசர்," என்றார் அம்மா. "சோறு காய்ச்ச அரிசி இல்லை, அதை இறக்குங்கோ."

மறு சனிக்கிழமை, அரிசி மூட்டை போதாதா, இன்னும் ஏற்ற வேண்டுமா என்று நான் கேட்டேன். எந்த அரிசி என்று அவர் கேட்டார். நான் சொல்லி முடித்ததும் தொலைபேசிக்குள் நீண்ட இருமல் கேட்டது. அது சிரிப்பு என்று பிறகுதான் தெரிந்தது. பிறகு அவர் நிதானமாக விளக்கினார். மின்சாரம் விளக்குக்குப் போனால் மட்டும் போதாது, திரும்பி வரவும் வழி வேண்டும். இரும்புக் காரில் உடம்பே அந்த வழி. பிளாஸ்டிக் காரில் அது கிடையாது. வழியில்லாத மின்சாரம் கிடைத்த விளக்குக்குள்ளெல்லாம் புகுந்து பார்க்கும். ஆகவே ஒவ்வொன்றிலிருந்தும் பழுப்பு நிற வயர் ஒன்றைச் சட்டத்துக்கு இழுக்க வேண்டும்.

வயர் என்று நான் சொன்னதுமே மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ, ஏர்த்! ஏர்த் வயரைச் சொல்லுறார் பிள்ளை!" ஜெர்மனில் பாரத்துக்கும் ஏர்த்துக்கும் ஒரே சொல்தான்.

வசந்தத்தில் கார் பரிசோதனையில் தேறியது. அதை அப்பாவின் பெயரில் பதிந்தார்கள். கட்டியது மாமா, பெயர் அப்பாவுக்கு. அதுவும் எனக்கு விளங்கவில்லை.

முதல் ஞாயிறு மாமா என்னை ஏற்றிக்கொண்டு போனார். இருக்கை அவ்வளவு தாழ்வு. தார்ரோட்டு என் மடிக்குள் ஓடி வருவதுபோல இருந்தது. ஹைடெல்பெர்க் வரை போவோம், அங்கே ஐஸ்கிறீம் குடிப்போம் என்று நானே முடிவு செய்திருந்தேன். காடு முடிந்து, மரஆலை தாண்டி, அடுத்த மாவட்டத்தின் பெயர் எழுதிய பலகை தெரிந்தது. அதற்குச் சற்று முன் மாமா காரை ஓரங்கட்டினார். ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திருப்பினார்.

"ஏன் மாமா?"

"எஞ்சின் சூடாகுது. இண்டைக்கு இவ்வளவு காணும்."

அடுத்த ஞாயிறு வேறு திசையில் போனோம். அங்கும் ஒரு பலகை வந்தது. "பிறேக் ஒரு மாதிரிக் கிடக்கு," என்று மாமா திருப்பினார். அதற்கடுத்த முறை பெற்றோல் காணாது என்றார். ஆனால் முள் பாதிக்கு மேலே நின்றது.

இது காரின் கோளாறு என்று நான் முடிவு கட்டினேன். மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் எனக்கொரு பொறுப்பும் இருந்தது. மாமா வேலைக்குப் போயிருந்த சனிக்கிழமை நானே தொலைபேசி எடுத்தேன்.

"எங்கள் கார் பலகைக்குக் கிட்டப் போனால் மட்டும் பழுதாகிறது," என்றேன்.

"மேடு ஏறுகிறதா?"

"ஏறுகிறது."

"எந்தப் பலகை?"

"அடுத்த மாவட்டத்தின் பலகை. எந்தத் தெருவில் போனாலும் அப்படித்தான்."

மறுமுனையில் தாள் ஒன்று விரியும் சத்தம் கேட்டது.

"உன் மாமாவுக்கு இந்த நாட்டில் இருக்க முடிவு வந்துவிட்டதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

என்ன முடிவு என்று எனக்குத் தெரியவில்லை. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராதவர்கள் அனுமதி இல்லாமல் தங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்று அப்போது சட்டம் இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த அது எனக்கு மட்டும் தெரியாது. மாமாவுக்கு அந்த முடிவு வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன்.

"கார் நன்றாக இருக்கிறது என்று மாமாவிடம் சொல்," என்றார் அவர். "நாளைக்கு எந்தத் தெருவால் போவீர்கள்?"

"மரஆலைத் தெருவால்."

மறுநாள் பலகைக்கு அப்பால் ஒரு பச்சைக் கார் நின்றது. எங்களுடையதைப்போலவே தாழ்வான, கூரையில்லாத கார். அதற்குள் இருந்த வெள்ளைத் தலைக் கிழவர் எங்களைக் கண்டதும் பலகையைத் தாண்டி இந்தப் பக்கம் ஓட்டி வந்து நிறுத்தினார்.

"நீதானா அந்த அரிசி மூட்டை?" என்று எனக்குக் கைகொடுத்தார்.

நான் மொழிபெயர்க்கத் தயாராக நடுவில் நின்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. இருவரும் முன்மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டார்கள். பழுப்பு வயர்களை அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, "குட், குட்" என்றார். மாமா தனக்குத் தெரிந்த ஜெர்மனில் எதையோ சொல்ல, அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு குடுவையிலிருந்து கோப்பி ஊற்றிக் குடித்தார்கள். மாமாவின் கண் கலங்கியிருந்தது. கோப்பி சூடாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். வெயில் சாயும்வரை இருந்துவிட்டு, அவர் பலகையைத் தாண்டிப் போனார். மாமா கையசைத்தபடி நின்றார்.

திரும்பும் வழியில், "கோளாறைக் கண்டுபிடிச்சவரோ மாமா?" என்று கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை," என்றார் மாமா. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சினமாக இருந்தது. அவ்வளவு தூரம் வந்து, கார் முழுவதையும் துருவிப் பார்த்தும், அது ஏன் பலகையைத் தாண்டாது என்று அவரால் சொல்ல முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை மாமா வழக்கம்போலத் தொலைபேசியை என் கையில் தந்தார்.

"வேற ஆரையும் கேப்பம் மாமா," என்றேன். "அவருக்குப் பெரிசா ஒண்டும் தெரியாது."