தடை நாளில் பொங்கிய பானை

சிட்னியில், பென்டில் ஹில்லில் என் வீட்டுக்கு நேற்று பொங்கல் அழைப்போடு ஒரு வைன் போத்தல் வந்தது. லேபிளில் ஒரு பானை பொங்குகிறது. கீழே ஆங்கிலத்தில், ‘மாலைக் கடற்காற்றில் கனிந்த திராட்சை’. மூடியைத் திருகி முகர்ந்தேன். எரிந்த புல்தான் நினைவுக்கு வந்தது.

அனுப்பியவர் கெல்லிவில்லில் வசிக்கும் முரளிதரன். ஐ.டி.யில் சம்பாதித்து, சிட்னிக்கு வடக்கே ஹண்டர் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் வாங்கியவர். வைன் தொடமாட்டார், இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதற்கே தோட்டம். இந்த வகை ஆட்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர் தோட்டம் வாங்கிய புதிதில் ஒரு சின்னத் தமிழ்ப் பத்திரிகையில் எனக்கு வேலை. அந்தத் தோட்டத்தில் நடந்த முதல் பொங்கலைப் பற்றி எழுத, உழவர் விழாவுக்குக் காலில் பளபளக்கும் சப்பாத்தோடு போயிருந்தேன்.

ஆஸ்திரேலியாவில் தைப்பொங்கல் நடுக்கோடையில் வரும்; அன்று மேற்கிலிருந்து அனல் காற்று. வெளியில் நெருப்பு மூட்டக்கூடாது என்று காலையிலிருந்தே வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. முரளிதரன் மூன்று கல் வைத்து விறகு அடுக்கினார்.

“இண்டைக்கு நெருப்புத் தடை எல்லோ?” என்றேன்.

“அது பார்பிக்யூவுக்குங்க. இது சாமி அடுப்பு. நீங்க நல்லா எழுதுங்க.”

பக்கத்துத் தோட்டம் கெவினுடையது. தனியாள், கிழவர். அவருடைய பழம் மறுநாள் பறிப்பதாக இருந்தது. புகையைக் கண்டு வேலியருகே வந்தார். “தயவுசெய்து அணைத்துவிடு. என் பழம் இன்னும் கொடியில் இருக்கிறது” என்று ஆங்கிலத்தில் கெஞ்சினார். முரளிதரன் சிரித்துக் கையசைத்துவிட்டு, விருந்தாளிகளான எங்களிடம், “தாத்தாவுக்கும் ஒரு கிண்ணம் குடுத்துட்டாப் போச்சு” என்றார்.

பொறி ஒன்று காய்ந்த புல்லில் விழுந்து, வேலியைத் தாண்டியது. கெவின் மருந்தடிக்கும் டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து அணைப்பதற்குள் சில வரிசைகள் கருகிவிட்டன. மிச்சப் பழத்தில் புகை ஏறிவிட்டது. எல்லோரும் வேலியோரம் கருகிய கொடிகளைப் பார்த்து நின்றோம். முரளிதரன் மட்டும் அடுப்பின் பக்கம் திரும்பினார்.

“நடுவுல பால் பொங்கிச்சா? யாராவது பாத்தீங்களா?”

மாலையில் வழக்கம்போலக் கடற்காற்று வந்தது. எங்கள் பத்திரிகை பானையின் படத்தை மட்டும் போட்டது.

புகை ஏறிய பழத்தின் வைனில் சாம்பல் வாடை அடிக்கும்; அந்தப் பழத்தை யாரும் வாங்கவில்லை. அடுத்த கோடைக்குள் கெவின் நிலத்தை விற்றார். வாங்கியவர் முரளிதரன்; கொடிகளைப் பிடுங்கிவிட்டுக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடப் புல் வளர்த்தார். பள்ளத்தாக்கு இப்போது இன்னும் சூடு. பொங்கலுக்கு முன்பே பாதிப் பழம் பறித்தாகிவிடுகிறது. கடைசியாக நான் போன மாலை, இருட்டும்வரை காத்திருந்தும் கடற்காற்று வரவில்லை. அது லேபிளில் இருக்கிறது.

அழைப்பில், பாதுகாப்புக் கருதி இம்முறை கேஸ் அடுப்பு என்று போட்டிருக்கிறது. இடம்: கெவின் புல்வெளி.