ஐந்தாவது எண்

விஜயவாடாவில் ஒரு கைபேசி நிறுவனத்தின் மூன்றாம் மாடியில் சுவர்ச்சலாவுக்கு வேலை. போலீஸ் கேட்கும் விவரங்களை எடுத்துக் கொடுக்க வேண்டும். பத்தொன்பது வருடமாக அதையேதான் செய்கிறாள். ஒரு எண்ணைக் கொடுத்தால், அது யாரோடு எத்தனை மணிக்குப் பேசியது, அப்போது எந்த டவரின் கீழ் இருந்தது என்று தாள் தாளாக வரும். பேசிய பேச்சு அதில் இராது. ஆனால் பேச்சு இல்லாமலே ஒரு ஆளின் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடலாம். அதனால்தான் அவள் அந்தத் தாள்களைப் படிப்பதில்லை. கடிதம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலிருந்து வந்ததா, வழக்கு எண் இருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு தேதிக்காக முதல் வரி, கடைசி வரி. அவ்வளவுதான்.

"ஊர்ல எவன் எவளோட பேசுறான்னு மொத்தமும் உங்க கையில. எங்களுக்கு ஒண்ணாவது சொல்லக் கூடாதா அக்கா?" என்பான் பக்கத்து மேசை அப்பலநாயுடு.

"சொல்றேன். உன்னுதுலேர்ந்து ஆரம்பிக்கட்டுமா? உன் பொண்டாட்டியையும் கூப்பிடு, சேர்ந்தே கேக்கட்டும்."

அவன் கோங்கூராத் துவையல் டப்பாவைத் திறந்து சாப்பாட்டில் இறங்கிவிடுவான்.

அந்தத் திங்கட்கிழமை ஒரு லாரித் திருட்டு வழக்குக்காக ஐந்து எண்கள் கேட்டு வந்திருந்தது. கடிதத்தில் எல்லாம் சரி. நான்கைச் சரிபார்த்து அனுப்பினாள். ஐந்தாவதன் முதல் வரியில் 181 என்று இருந்தது. பெண்கள் ஆபத்தில் கூப்பிடும் எண்.

லாரி திருடுகிறவனுக்கு அங்கே என்ன பேச்சு?

வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, முழுப் பட்டியலையும் படித்தாள். மற்ற நான்கு எண்களும் ஒன்றோடொன்று ஓயாமல் பேசியிருந்தன. ஐந்தாவது அவற்றில் ஒன்றோடுகூடப் பேசியதில்லை. அது ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. 181-க்கு நான்கு தடவை. ஒரே ஒரு எண்ணிலிருந்து நாளைக்கு நாற்பது, ஐம்பது அழைப்புகள். எடுத்ததும் வைத்துவிட்ட மூன்று நொடி, நான்கு நொடி. பிறகு இரண்டு நாள் போன் அணைந்து கிடந்தது. மூன்றாம் நாள் இருநூறு கிலோமீட்டர் தள்ளி, கோதாவரிப் பக்கம் ஒரு சிறிய ஊரில் விழித்திருந்தது.

மேசைத் தொலைபேசி அடித்தது.

"நமஸ்காரம் மேடம். லாரி கேஸ் எஸ்.ஐ. பேசுறேன். நாலு வந்துடுச்சு, அஞ்சாவது வரலையே?"

"பார்த்துட்டு இருக்கேன் சார்."

"முழுசா வேண்டாம் மேடம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்? கடைசியா எந்த டவர்னு வாயால சொல்லிடுங்க, போதும்."

பதில் சொல்ல வாயெடுத்தவள், தொலைபேசியின் சின்னத் திரையைப் பார்த்தாள். ஸ்டேஷன் எண் இல்லை. அவருடைய சொந்தக் கைபேசி. பத்து இலக்கத்தையும் கணினித் திரையில் இருந்ததோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். நாளைக்கு ஐம்பது தடவை கூப்பிட்ட எண் அதுதான்.

"அந்த எண்ணுக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம்னு எழுத்துல கொடுங்க சார்."

"கடிதம் வந்தாச்சேம்மா! அதுக்கு மேல என்ன எழுத்து?"

"சம்பந்தம் எழுதல."

"ஏம்மா, விசாரணையைத் தடுக்கிறேன்னு உன் மேலயே கேஸ் போட்டா தாங்குவியா? ரிட்டயர் ஆகற வயசுல கோர்ட்டுக்கு அலையணுமா?"

"போடுங்க சார். அதையும் எழுத்துல போடுங்க."

வைத்துவிட்டாள். கண்காணிப்பாளர் பெயருக்கே நேராக எழுதினாள்: ஐந்தாவது எண்ணுக்கு மற்ற நான்கோடு எந்தத் தொடர்பும் இல்லை, வழக்கோடு அதன் சம்பந்தத்தைத் தெரிவித்தால் அனுப்பப்படும். நாளைக்கு ஐம்பது தடவை அதைக் கூப்பிட்டவர் அந்த எஸ்.ஐ.தான் என்பதை எழுதி, அழித்து, மறுபடி எழுதினாள். அது எடுபடாமல் போனால் வேலையே போகலாம். அப்படியே அனுப்பினாள்.

மூன்றாம் நாள் இரண்டு வரியில் பதில் வந்தது. ஐந்தாவது எண் தட்டச்சுப் பிழையால் சேர்ந்துவிட்டது, நீக்கிக்கொள்ளவும். கூப்பிட்டவரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"பத்து இலக்கமும் அச்சுப் பிசகாம விழுந்த பிழை!" என்று அப்பலநாயுடு சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "எந்த ஊர் அக்கா அது?" என்றான்.

"பார்க்கல."

அந்தப் பெண்ணை எச்சரிக்க வழியில்லை. போலீஸ் கேட்டதை வாடிக்கையாளரிடம் சொல்வது குற்றம். அதே எண் இன்னொரு வழக்கின் பட்டியலில், வேறு யாராவது ஒருவர் மேசைக்கு வரலாம்.

அந்த மாசியில் ஒரு கல்யாணத்துக்காக சுவர்ச்சலா கோதாவரிப் பக்கம் போனாள். பேருந்து அந்தப் போன் விழித்திருந்த ஊரில் ஐந்து நிமிடம் நின்றது. ஜன்னலோரம்தான் இடம். வெளியே பெண்கள் பூ வாங்கினார்கள், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள், யாரோ ஒருத்தி சத்தமாகச் சிரித்தாள். சுவர்ச்சலா தலையைத் தூக்கவில்லை. வண்டி கிளம்பும்வரை மடியில் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.