அணைக்கக்கூடாத வண்டி

ஆசீர்வாதம் அண்ணன் புது பிக்கப்பைக் கொண்டுவந்து எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளுக்கு முன்னால் நிறுத்திய அன்றைக்கே எனக்கு அது பிடிக்கவில்லை. பொறாமை என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்குப் பயம். அந்த வண்டிக்குள் போயிருந்தது யாருடைய பணம் என்று எனக்குத் தெரியும்.

அவர் சம்சாரம் மதலேனம்மாளுடைய பணம். மதலேனக்காவும் நானும் மூணாறுக்கு மேலே ஒரே எஸ்டேட்டில், பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். லயத்திலும் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவள் இருமினால் நான் தண்ணீர் கொண்டுபோவேன். சம்பாதித்த காலமெல்லாம் சேர்ந்த சர்வீஸ் பணம் ரிட்டயர் ஆனபோது அவள் கைக்கு வந்தது. அது அப்படியே அந்த வண்டிக்கு முன்பணமாகப் போனது. மிச்சத்துக்கு மாதத் தவணை.

அவளுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. மேட்டில் ஏறும்போது தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்குவாள். கடைசி நாளில் எங்கள் கூட்டத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து சேலை எடுத்துக் கொடுத்தோம். "இனி இந்தச் சரிவுல நான் கால் வைக்க மாட்டேன், பேச்சி" என்றாள். மற்றவர்கள் ரிட்டயர் ஆனால் அழுவார்கள். இவள் சிரித்தாள். வண்டி ஓடினால் அவள் வீட்டில் இருப்பாள், நின்றால் மறுபடியும் மலை ஏறவேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

ஆசீர்வாதம் அண்ணன் கெட்டிக்காரர் இல்லை, கெட்டவரும் இல்லை. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும் என்று அவரைக் கேலி செய்வோம். வாலிபத்திலிருந்து ஊரார் ஜீப்பைத்தான் ஓட்டினார். டீசல் டேங்கில் ஓட்டை விழுந்தால் துணி சோப்பைத் தேய்த்து அடைத்துவிட்டு மூணாறு வரை வந்துவிடுவார். கடைசியாக ஓட்டிய ஜீப்பை அதன் முதலாளி விற்றுவிட்டார். பழைய வண்டி ஒன்று வாங்கலாம் என்று தேடினால், ஓடுகிறதுக்கும் தீ விலை, ஓடாததுக்கும் தீ விலை. அதற்குப் புதுசே வாங்கிவிடலாம் என்று கணவனும் மனைவியும் முடிவு செய்தார்கள். அந்தப் புதுசும் சும்மா இருக்கவில்லை. போய்க் கேட்டு வந்து பணத்தைத் தேற்றிக்கொண்டு மறுபடி போனால் விலை ஏறியிருக்கும். என்னப்பா இது என்று கேட்டால், புதுச் சட்டம், புதுச் சாமான் என்பார்கள். புகையைச் சுத்தம் பண்ணுகிற சாமானாம். நம் மலையில் புகை எங்கே இருக்கிறது, எல்லாம் மூடுபனிதானே என்று நான் கேட்டேன். எனக்கு யார் பதில் சொல்லப்போகிறார்கள்?

வந்த வண்டியோ, தொட்டால் கத்தும். பெல்ட் போடாவிட்டால் கத்தும், கதவு சரியாகச் சாத்தாவிட்டால் கத்தும். டீசலுக்கு ஒரு வாய், அதற்குப் பக்கத்தில் நீல மூடி போட்டு இன்னொரு வாய். நீல மூடிக்குள் யூரியாத் தண்ணீர் ஊற்றவேண்டும், அதுதான் புகையைச் சுத்தம் பண்ணும் என்று விற்றவன் சொல்லியிருக்கிறான். அது கேனில் வருகிறது. மூணாறில் சில நாள் கிடைக்கும், சில நாள் அடிமாலி வரை போகவேண்டும்.

தப்பு நடந்தது காட்டைத் தாண்டி இருக்கிற வட்டவடையில். அங்கே பாண்டீஸ்வரன் என்று ஒரு விவசாயி. அவர் காரட்டையும் முட்டைக்கோசையும் மூணாறு மண்டிக்கு இறக்குவதுதான் அண்ணனுக்கு முக்கியமான வேலை. ஒரு நாள் லோடு ஏற்றி முடித்த நேரத்தில் யூரியாத் தண்ணீர் தீரப்போகிறது என்று வண்டி கத்தியது. பாண்டீஸ்வரன் சிரித்தாராம். யூரியாவுக்கா பஞ்சம், என் கொட்டகையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது என்றாராம். வயலுக்குப் போடுகிற யூரியாவை ஊற்றுத் தண்ணீரில் கரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, நீல மூடியைத் திறந்து ஊற்றிவிட்டார்கள். வண்டி கத்துவதை நிறுத்தியது. இரண்டு பேருக்கும் ஒரே சந்தோஷம். கேன் விற்கிறவன் நம்மை எப்படி ஏமாற்றுகிறான் பார் என்று பேசிக்கொண்டு டீ குடித்திருக்கிறார்கள். காரட்டுக்கு ஒத்துக்கொள்கிறது வண்டிக்கு ஒத்துக்கொள்ளாதா என்று வட்டவடைக்காரனுக்குத்தான் தோன்றும்.

கொஞ்ச நாளில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு ஒன்று எரிய ஆரம்பித்தது. அது கண்ணை உறுத்துகிறது என்று அண்ணன் அதன்மேல் வேளாங்கண்ணி மாதா படத்தை ஒட்டிவிட்டார். மதலேனக்கா அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இதெல்லாம் எனக்கு எப்போது தெரிந்தது என்றால், பாண்டீஸ்வரன் பேரனுக்குக் காது குத்து வைத்திருந்த அன்றைக்குத்தான். நானும் மதலேனக்காவும் அண்ணனோடு வண்டியில் வட்டவடைக்குப் போனோம். நாங்கள் சாப்பிட்டு வருவதற்குள் அவர் லோடு ஏற்றிவிடுவார், சேர்ந்து திரும்பலாம் என்று பேச்சு. சாப்பிட்டுவிட்டு நான் மட்டும் முன்னால் வந்தேன். மூட்டை ஏற்றி முடித்திருந்தார்கள். ஆனால் வண்டி உறுமிக்கொண்டே இருந்தது. டீசலை இப்படியா வீணாக்குவது என்று சத்தம் போட்டேன். அப்புறம்தான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். வேர்த்து ஊற்றியிருந்தது, அந்தக் குளிரில்.

வண்டியில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து வந்ததாம். பக்கத்தில் ஜீப்பில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த சிஜுவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாராம். சர்வீஸ் சென்டருக்கும் போன் பண்ணியாயிற்று. ஓட்டிக்கொண்டே வந்து சேருங்கள், இனி ஒரு தடவை அணைத்தால் வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆகாது என்று சொன்னார்களாம். என்ன ஊற்றினீர்கள் என்றும் கேட்டார்களாம். அண்ணன் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டார்.

"மதலேனுக்குச் சொல்லிராத, பேச்சி. லோட எறக்கிட்டு நேரா சர்வீசுக்குப் போயிருதேன். அணைக்காமப் போயிட்டா ஒண்ணும் இல்ல" என்றார்.

சரி என்று தலையை ஆட்டினேன். அதற்குள் மதலேனக்கா பாண்டீஸ்வரன் வீட்டில் கொடுத்த பூண்டுப் பையோடு நொண்டி நொண்டி வந்து நடு இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். நான் கதவோரம் உட்கார்ந்தேன். சிஜுவின் ஜீப் எங்களுக்குப் பின்னாலேயே வந்தது. அதில் ஆட்களும் இருந்தார்கள்.

வளைவுக்கு வளைவு எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன். ஏற்றத்தில் அது கொஞ்சம் இருமினால் என் உயிர் போய்ப் போய் வந்தது. மதலேனக்காவோ ஒன்றும் தெரியாமல் காது குத்தின கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். வட்டவடைக்கு இந்தப் பக்கம் சோலைக்காடு வந்ததும் செக்போஸ்டில் வண்டியை நிறுத்தினார்கள். அணைத்துவிட்டு இறங்கி வந்து நம்பர் சொல்லச் சொன்னார் பாரஸ்ட் கார்டு. அண்ணன் அணைக்காமல், இறங்காமல், ஜன்னல் வழியாகக் கெஞ்சினார். என்ன இப்படிப் பயப்படுகிறீர்கள் என்று மதலேனக்கா கேட்டாள். பேட்டரி கொஞ்சம் வீக் என்றார் அண்ணன். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

காட்டுக்குள் பாதி தூரம் வந்திருப்போம். மூடுபனி இறங்கி ரோடே தெரியவில்லை. ஒரு வளைவைத் திரும்பினதும் அண்ணன் பிரேக்கை மிதித்தார். ரோட்டு நடுவில் கொம்பன் யானை நின்றது.

எங்கள் மலையில் யானையைக் கண்டால் ஹாரன் அடிக்கக்கூடாது, லைட் போடக்கூடாது. எஞ்சினை அணைத்துவிட்டு, அது போகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும். முன்னால் இருக்கிறவன் அணைப்பான், பின்னால் வருகிறவனும் அணைப்பான். இதை யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. ஒருவன் உறுமிக்கொண்டு நின்றால் அத்தனை பேர் உயிருக்கும் ஆபத்து.

பின்னால் சிஜுவின் ஜீப் அணைந்தது கேட்டது. எங்கள் வண்டி மட்டும் உறுமியது. அண்ணன் லைட்டை அணைத்தார். சாவிப் பக்கம் கையைக் கொண்டுபோனார், திரும்ப எடுத்துக்கொண்டார். பின்னால் ஜீப், ஒரு பக்கம் பள்ளம். பின்னோக்கி எடுக்கவும் வழியில்லை. யானை காதை விரித்தது. தும்பிக்கையைத் தூக்கி எங்கள் பக்கம் மோப்பம் பிடித்தது. எங்கள் வண்டியின் பின்பக்கம் முழுக்கக் காரட் மூட்டை.

"அணைங்க" என்றாள் மதலேனக்கா, மூச்சுச் சத்தத்தில்.

அண்ணன் அசையவில்லை. யானை ஓர் அடி முன்னால் வைத்தது. மண்ணைக் காலால் கீறியது.

நான் சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது? அணைத்தால் நீ மறுபடி மலை ஏறவேண்டும் அக்கா என்றா? அதற்குள் மதலேனக்கா அண்ணன் மடிமேல் சாய்ந்து, அவர் கைக்கு அடியில் கையை விட்டு, சாவியைத் திருகிவிட்டாள்.

என்ன அமைதி. பூண்டு வாசனையும் எங்கள் மூன்று பேர் மூச்சும்தான். யானை நின்றது. காதைத் தளர்த்தியது. மெள்ள நடந்து என் கதவை உரசிக்கொண்டு பின்னால் போனது. மூட்டை கிழிகிற சத்தமும் காரட் கடிபடுகிற சத்தமும் கேட்டன. எவ்வளவு நேரம் தின்றதோ, எனக்கு ஒரு யுகம். அப்புறம் கிளை முறிய மேட்டில் ஏறிக் காட்டுக்குள் போய்விட்டது.

மதலேனக்கா சிலுவை போட்டுக்கொண்டு, "ம், எடுங்க" என்றாள்.

அண்ணன் சாவியைத் திருகினார். வண்டி கத்தியது, எழுத்து வந்தது, எஞ்சின் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மறுபடி திருகினார். மறுபடியும். அப்புறம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, பாண்டீஸ்வரன் கொட்டகை யூரியாவிலிருந்து சர்வீஸ் சென்டர் சொன்னது வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வாழ்நாளில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அக்கா மாதா படத்தை நகத்தால் கிளப்பி உரித்தாள். அடியில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சிஜு கயிறு கட்டி மூணாறு வரை இழுத்துவந்தான். சர்வீஸ் சென்டரில் நீல மூடியைத் திறந்து பார்த்த பையன், அடியில் மண் தங்கியிருக்கிறது, உப்புப் படிந்திருக்கிறது என்றான். டேங்க், பம்ப், சைலன்சருக்குள் இருக்கிற சாமான் எல்லாம் மாற்றவேண்டுமாம். வயல் யூரியா ஊற்றினதால் வாரண்டி கிடையாதாம். அவன் சொன்ன தொகைக்கு அந்தக் காலத்தில் முழு ஜீப்பே வாங்கியிருக்கலாம். அந்தச் சாமானையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு ஓட்ட முடியாதா என்று மதலேனக்கா கேட்டாள். பையன் நல்ல பையன், சிரிக்கவில்லை. வண்டியின் மூளை ஒத்துக்கொள்ளாது அம்மா என்றான். வண்டி அங்கேயே நிற்கட்டும் என்று விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறினோம். பஸ்ஸில் அண்ணன் அக்கா முகத்தைப் பார்க்கவே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை காலையில் மஸ்டருக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்கு, போனேன். தற்காலிக ஆட்கள் வரிசையில் மதலேனக்கா நின்றாள். ரிட்டயர் ஆன பெண்களை அப்படி எடுப்பார்கள். கூலி மட்டும்தான், மற்ற எதுவும் கிடையாது. எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை. பக்கத்தில் அவள் கொழுந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆசீர்வாதம் அண்ணன் தலையைக் குனிந்து நின்றார். சூப்பர்வைசர் அக்காவைப் பார்த்து, புது வண்டிக்காரி இங்கே எங்கே வந்தாய் என்று வேடிக்கையாகக் கேட்டார். அண்ணன் வாயைத் திறந்தார். தன் தப்பைச் சொல்லத்தான் திறந்தார், எனக்குத் தெரியும்.

அவரைப் பேசவிடாமல் மதலேனக்கா முந்திக்கொண்டாள். "ஓடிக்கிட்டிருந்த வண்டிய நாந்தான் அணைச்சேன், சார்" என்றாள். அண்ணன் தோளிலிருந்து பையை வாங்கி மாட்டிக்கொண்டு, செடியைப் பிடித்துப் பிடித்து மேட்டில் ஏற ஆரம்பித்தாள்.