மேளத்தோடு ஆஸ்பத்திரிக்கு

என் மகள் பிழைத்துவிட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தின நாள் அவள் தன் ஐந்து வயது மகளை உட்காரவைத்து, கவுனுக்குத் தானே பட்டன் போடப் பழக்கிக்கொண்டிருந்தாள். "இதுக்கு இப்போ என்ன அவசரம்? நான் போட்டுவிட மாட்டேனா?" என்று கடிந்துகொண்டேன். மறுநாள் பிரசவம் சிக்கலாகி அவளை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் மனம் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு ஓடியது.

எனக்கு அப்போது எட்டு வயது. அடையாற்றுக்குத் தெற்கே, தோப்பும் வயலுமாகக் கிடந்த சின்ன ஊர். மாதா கோவில், அதை ஒட்டிய பள்ளிக்கூடம், அதில் வாத்தியாராக அப்பா. காய்ச்சல் முற்றினால் மாட்டுவண்டி கட்டி ஆற்றைத் தாண்டி ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மழைக்காலத்தில் அதுவும் நடக்காது. ஊரார் மனுமேல் மனு போட்டு, ஒருவழியாக ஒரு ஓட்டுக் கட்டடமும் நான்கு இரும்புக் கட்டில்களும் ஒரு டாக்டரம்மாவும் வந்து சேர்ந்தபோது எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரே போய்க் கட்டில்களைப் பார்த்தது. பிள்ளைகள் நாங்கள் கம்பியைத் தட்டித் தட்டி ஓசை கேட்டோம்.

மருந்துக்குக் கூட்டம் குறையவில்லை. இல்லாத வயிற்றுவலிக்கெல்லாம் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிவப்பு மிக்சர் வாங்கிக் குடித்தார்கள். கட்டிலில் படுக்க மட்டும் ஆளில்லை. முதலில் படுப்பவர் எழுந்து வரமாட்டார் என்று யாரோ சொல்ல, இரண்டே நாளில் அது ஊர் முழுக்க உறுதியாகிவிட்டது.

டாக்டரம்மா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "வாத்தியாரே, மழைக்கு முன்னாடி யாரும் படுக்கலேன்னா கட்டில எல்லாம் வேற ஊருக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நானும் மூட்டை கட்டவேண்டியதுதான்."

அம்மா நிறைமாதம். எனக்குப் பின் பிறந்த தம்பிகள் இருவரும் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. அடுப்படியிலிருந்து, "நான் படுக்கறேன்" என்றாள்.

பக்கத்து வீட்டு அத்தை மறுநாள் வாசலிலேயே அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாத்துக்குடி இந்த வேல? ஊட்ல பொறக்காத புள்ளயா?"

"ஊட்லதானே அத்த ரெண்டும் பொறந்துச்சி" என்றாள் அம்மா.

எனக்கோ ஒரே கொண்டாட்டம். ஊரில் எந்தப் பெண்ணின் அம்மா கட்டிலில் படுக்கப் போகிறாள்? போதாததற்கு, அதுவரை அடுப்புப் பக்கம் விடாத அம்மா அந்த வாரம் எனக்குச் சோறு வடிக்கக் கற்றுக்கொடுத்தாள். பருக்கையை நசுக்கிப் பதம் பார்ப்பது, தட்டை அழுத்திப் பிடித்துக் கஞ்சியைச் சாய்ப்பது, ஆவி அடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது. தப்பு செய்தால் திட்டாமல் மறுபடியும் செய்யச் சொன்னாள். உப்பு ஜாடி எங்கே, அப்பாவின் வேட்டி எங்கே என்றெல்லாம் காட்டினாள். எனக்குப் பதவி உயர்ந்துவிட்டதாகப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சிந்தாதிரிப்பேட்டையில் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர். டிரம் அடிக்கும் கூட்டாளியோடு முன்கூட்டியே வந்து தங்கியிருந்தார். ஒரு காலையில் வலி கண்டு அம்மா வண்டியில் ஏறியதும், அவர்கள் கல்யாணப் பாட்டு வாசித்துக்கொண்டு முன்னே நடந்தார்கள். பின்னால் நாங்கள், எங்களுக்குப் பின்னால் ஊர். அம்மா மட்டும் வண்டியிலிருந்து வீட்டையே திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா வாசலில் வழிமறித்தார். "இது ஆஸ்பத்திரியா, கல்யாண வீடா?"

"கம்முனு இட்டாந்தா சாவு ஊர்வலம் மாதிரி கீதும்மா. ஏற்கெனவே ஊரு பயந்துக்கினு கீது" என்றார் மாமா.

"சரி, வெளியே நின்னு வாசி. உள்ளே வந்தா உனக்கும் ஊசிதான்."

நான் வீட்டுக்கு ஓடி, தன்னந்தனியாகச் சோறு வடித்து, தூக்கில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரி வாசல் பூவரச மரத்தடியில் பாட்டு நின்றுபோயிருந்தது. மாமா கிளாரினெட்டின் வாய்ப்பக்கத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்பா ஜெபமாலையைப் பிடித்திருந்தார், மணி நகரவில்லை. நான் தூக்கைத் திறந்து திறந்து எல்லாருக்கும் சோற்றைக் காட்டினேன்.

உச்சிவெயிலில் உள்ளேயிருந்து குழந்தை வீறிட்டது. முதலில் ஓடியது அத்தைதான். "ரெண்டு பேரும் நல்லா கீறாங்க" என்று அவள் ஜன்னல் வழியாகக் கத்த, மாமா வாசித்த வாசிப்பில் தோப்புக் காகமெல்லாம் பறந்தது.

மழை வந்தது, கட்டில்கள் போகவில்லை. அடுத்த பிரசவக்காரிகள் இருவர் அம்மா படுத்த ராசியான கட்டிலுக்காகச் சண்டை போட்டார்கள். இன்று அது மாடிக் கட்டடம். வாசல் கல்வெட்டில் நிலம் கொடுத்தவர், ஓடு கொடுத்தவர் பெயரெல்லாம் உண்டு. முதலில் படுத்தவள் பெயர் இல்லை.

அம்மா அந்த வாரம் எதற்காகச் சோறு வடிக்கக் கற்றுக்கொடுத்தாள், என் மகள் எதற்காகப் பட்டன் போடப் பழக்கினாள் என்பது அந்தப் பெஞ்சில்தான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் பேத்தி, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் தான் போட்ட பட்டனைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அம்மா தம்பிப் பாப்பாவோடு வீடு திரும்பிய அன்று, நான் வடித்த சோற்றைக் காட்டக் கரண்டியும் கையுமாக ஓடினேன். அம்மா கரண்டியை வாங்கி வைத்துவிட்டு, "போதும், நீ போய் வெளையாடு" என்றாள். அதன்பின் பல வருஷம் என்னை அடுப்பருகே விடவில்லை. சோற்றைக் குழையவிட்டுவிட்டேனோ என்று அன்று மாலை முழுக்க அழுதேன்.